லைன் லாத்தா

எதுக்கு லைன்னு தெரிஞ்சுக்கிட்டு நிக்கிறவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன். மொதல்ல நின்னுட்டு, பொறவு எதுக்குன்னு கேக்கிற ஒரே ஆளு எங்க லாத்தாதான்.

தாராவியில எங்க சந்துல, எனக்கு நேர் எதிர்த்த கோலி அவளுக்கு. கோலின்னா ஒத்த ரூம்பு, மேல ஒரு பரண், அவ்வளவுதான். இப்பம் அது பூட்டிக் கெடக்கு, அவ டிராம்பேல மக வீட்டுக்குப் போயி ரெண்டு வருசம் ஆகப்போவுது. பேரை நான் சொல்லப்போறதில்ல. சொன்னாலும் எங்க சந்துல பாதிப் பேருக்குத் தெரியாது. பெருசு சிறுசு எல்லாத்துக்கும் அவ லைன் லாத்தா. லாத்தான்னா அவங்க வீட்டுல அக்கான்னு அர்த்தம். என்னைய விடப் பத்து வயசு எளையவ, ஆனாலும் நான் லாத்தான்னுதான் கூப்பிடுவேன். அவ என்னைய அண்ணாச்சிம்பா. அவளுக்கு மேலப்பாளையம், எனக்கு நாங்குநேரிக்குத் தெக்க. ஊரைப் பத்தி நாங்க பேசினதே கெடையாது. பேசுறதுக்கு இங்கனயே அத்தனை லைன் இருந்துது.

அவ தொழிலு நூல் வெட்டுறது. தாராவியில தைக்கிற பேண்ட்டு சட்டையெல்லாம் கடைக்குப் போறதுக்கு முன்னால, தொங்குற நூலை வெட்டணும்லா. மூட்டை மூட்டையா வீட்டுலயே கொண்டாந்து போட்டுருவாங்க. அதுக்குன்னு ஒரு குட்டிக் கத்திரி உண்டு, உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். அதைக் கயித்துல கட்டிக் கழுத்துல போட்டிருப்பா. புர்க்காவுக்கு மேல அது எப்பமும் ஆடிக்கிட்டே இருக்கும்.

லைன்ல போயி நின்னாள்னா மொத வேலையா முன்னால நிக்கிறவன் காலரைப் பார்ப்பா. எங்கனயாவது நூலு தொங்குச்சுன்னா டக்குன்னு ஒரு வெட்டு. அவன் பதறிப்போயித் திரும்புவான். இவ அந்த நூலைக் கையில வச்சுக் காட்டி, "பையா, தாகா" அப்படிம்பா. பையான்னா அண்ணன், தாகான்னா நூலு. அவன் சிரிப்பான். சிரிப்பு அடங்குறதுக்குள்ள இவ கேட்டுருவா: "இது எதுக்கு லைன்?"

நானே ஒருநா கேட்டேன். "ஏம் லாத்தா, கேட்டுட்டு நின்னா என்ன கொறஞ்சா போயிருவே?"

"கேட்டு முடிக்கதுக்குள்ள பத்து ஆளு முன்னால ஏறிருவான் அண்ணாச்சி. வேண்டாம்னா வெலகிக்கலாம். வேணும்னா எடம் கெடைக்குமா?"

அவகிட்ட ஜிப்பு வச்ச பிளாஸ்டிக் கவரு ஒண்ணு உண்டு. எங்க சந்துல பாதிப் பேரோட ஆதார் கார்டு ஜெராக்ஸ் அதுக்குள்ள கெடக்கும். கரண்டு பில்லு, ராஷன் கார்டு, போட்டோ, எல்லாம். எவனாவது திருடன் அந்தக் கவரை அடிச்சிட்டுப் போனான்னா, எங்க சந்தையே தூக்கிட்டுப் போன மாதிரி. கோயில்ல சாப்பாட்டுக்கு நிக்கிற லைன், குருத்வாரா லைன், சர்ச்சுல கண்ணாடி குடுக்கிற லைன், ரம்ஜானுக்கு அரிசி பருப்பு குடுக்கிற லைன், ஒண்ணு விடமாட்டா. பக்கத்துல மாட்டுங்கால ஒரு கோயில் வாசல்ல புர்க்காவோட நிக்கதைப் பார்த்துட்டு ஒருத்தரு, "நீங்க எங்கம்மா இங்க?"ன்னு கேட்டிருக்காரு. "எனக்கில்ல ஐயா, எங்க சந்துல நடக்க முடியாத ஆச்சி ஒருத்தி இருக்கா. பார்சல் உண்டான்னு கேக்க வந்தேன்" அப்படின்னிருக்கா. அன்னையிலருந்து அந்த ஆச்சிக்கு அந்தக் கோயில்லருந்து தூக்குவாளியில சோறு வந்துது. கொண்டாந்தது யாருன்னு கேக்கணுமா?

என் தொழிலு இட்லி. நாப்பது வருசமா மாட்டுங்கால கட்டடம் கட்டடமாப் போயி விக்கேன். தலையில இட்லி அடுக்கின டேக்சா, பெரிய அலுமினியப் பாத்திரம், கையில ரப்பர் ஆரன். ஆரனை ரெண்டு அமுக்கு அமுக்கினா மூணாவது மாடில சன்னல் தெறக்கும். இப்பம் உள்ள கட்டடத்துல வாட்ச்மேனு ஆரன் அடிக்க விடுறதில்ல, ஃபோன் போடுங்கான். இட்லிக்காரனுக்கு ஃபோனு. சரி, அது வேற கதை.

ஒருநா அப்படி வித்துட்டு வாரேன், ஒரு பழைய கட்டடத்து வாசல்ல பெரிய லைன். எல்லாம் நல்ல வேட்டி, நல்ல சேலை. நடுவுல கருப்பா ஒண்ணு, கழுத்துல கத்திரி ஆடுது. "லாத்தா"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். சத்தம் போடாதீங்கன்னு கையைக் காட்டிட்டு உள்ள போயிட்டா. நான் டேக்சாவை எறக்கி வச்சுட்டு நின்னேன். கால்மணி நேரங் கழிச்சு வாரா, கண்ணு ரெண்டும் முட்டை மாதிரி.

"அண்ணாச்சி, உள்ள மையத்து."

"என்னது?"

"மையத்து. பெரியவரு ஒருத்தரு மவுத்தாயிட்டாரு. லைன் அவரைப் பாக்கத்தான். பாதியில திரும்ப முடியல. ஒரு பூவைக் கையில குடுத்தாங்க, நானும் அவரு காலுல போட்டுட்டு வந்தேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "ஒன்னைய யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"ஒருத்தங்க வந்தாங்க, அவரு மக போல. அப்பா ஒங்களுக்கு என்ன உதவி பண்ணினாங்கன்னு அழுதுகிட்டே கேட்டாங்க. அப்பத்தான் எனக்கு வெளிச்சம் வந்துது. பெரியவரு பொம்பளைப் பிள்ளைங்க படிப்புக்கு ஃபீஸ் கட்டுறதுக்குன்னு ஒரு டிரஸ்ட் வச்சிருந்திருக்காரு."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் பண்ணலம்மா, இனிமேத்தான் பண்ணணும்னு சொன்னேன். அழுதுட்டிருந்தவங்க சிரிச்சுட்டாங்க அண்ணாச்சி. பதிமூணு கழியட்டும், வாங்கன்னாங்க."

பதினாலாம் நாளு எங்க சந்துலருந்து மூணு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா. அதுல ஒண்ணு இன்னைக்கு நர்ஸு.

என் பென்சனும் அவ வேலைதான். வயசானவங்களுக்குச் சர்க்காரு மாசாமாசம் ஏதோ குடுக்குன்னு எங்கயோ லைன்ல நின்னு கேட்டுட்டு வந்துட்டா. என் ஆதார் கார்டை வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தா. "அண்ணாச்சி, இதுல ஒங்களுக்கு நாப்பத்தெட்டு வயசுல்லா போட்டிருக்கு. புதுமாப்பிள்ளையாட்டம் இருக்கீங்க."

ஆதாருக்குப் படம் புடிக்க வந்த பய என்ன கேட்டானோ, நான் என்னத்தச் சொன்னேனோ. உள்ளருந்து என் வீட்டுக்காரி, "அப்பம் ஒரு பொண்ணையும் பார்த்து வை லாத்தா. நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"ங்கா. அன்னைக்கு ரெண்டு பொம்பளையும் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. வயசை மாத்துறதுக்கு ஆஸ்பத்திரியில என் பல்லை எண்ணிப் பார்த்து எழுதிக் குடுத்தாங்க. எண்ணுறதுக்கு அங்க ரொம்ப இல்ல, சீக்கிரம் முடிஞ்சிட்டு.

இவ்வளவும் பண்ணினாளே, அவளுக்குன்னு எதையாவது வாங்கினாளான்னு கேட்டா, இல்ல. அதுதான் எனக்குப் புரியாமலே இருந்துது. லைன்ல கடைசி வரைக்கும் நிப்பா. கதவுகிட்ட போனதும் பின்னால திரும்பிப் பார்த்து, "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல"ன்னு எவளையாவது தள்ளி விட்டுட்டு வந்துருவா. என் இட்லியைக்கூட ஒருநா வாங்கித் தின்னதில்ல. நீட்டினா, "நோன்பு அண்ணாச்சி"ம்பா.

"வருசம் பூராவுமா நோன்பு?"

"விட்டுப்போன நோன்பெல்லாம் புடிக்கேன்."

ஒரு மழைக்காலம். சந்துல தண்ணி ஏறி, ரெண்டு பேரும் அவங்கவங்க வாசப்படில காலைத் தூக்கி வச்சு உக்காந்திருந்தோம். அவ மடியில பேண்ட்டு மூட்டை. அன்னைக்கு வாயைவிட்டுக் கேட்டுட்டேன், இந்த லைன் பைத்தியம் ஒனக்கு எங்கன புடிச்சுதுன்னு. வெட்டிக்கிட்டே சொன்னா, தலையைத் தூக்கல.

அவ வீட்டுக்காரரு பெல்ட்டுப் பட்டறையில வேலை பார்த்தவரு. கிட்னி போயி, ஒரு ஆஸ்பத்திரியில மிசின் வச்சு ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. நகை போச்சு, இருந்த இன்னொரு கோலியும் போச்சு, பொறவு அவரும் போயிட்டாரு. எல்லாம் முடிஞ்ச பொறவுதான் தெரிஞ்சிருக்கு, அதே ஆஸ்பத்திரியில கீழ ஒரு சன்னல்ல, முடியாதவங்களுக்கு இலவசமாப் பாக்கதுக்கு எழுதிக்குடுக்காங்கன்னு.

"தெனமும் அந்த சன்னல்ல லைன் நிக்கும் அண்ணாச்சி. ஒரு மாசம் அந்த லைனை ஒதுங்கி ஒதுங்கித்தான் போனேன். ஏதோ இல்லாதவங்க நிக்காங்கன்னு நெனச்சேன். நம்மளும் அதுதானேன்னு தோணல. எதுக்கு நிக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல."

அடுத்த பேண்ட்டை எடுத்து மடியில போட்டா. நான் பொறவு அதைப் பத்தி எடுக்கல.

இனிமே என் கதைக்கு வாரேன். கொரோனாவெல்லாம் ஓஞ்ச மறுவருசம் என் வீட்டுக்காரி போயிட்டா. அதே வருசந்தான் எல்லாம் ஏறுச்சு. சிலிண்டரு ஏறுச்சு, உளுந்து ஏறுச்சு, எண்ணெய் ஏறுச்சு. இட்லி விலையை நான் ஏத்தினா சன்னல் தெறக்க மாட்டேங்கு. வேற வழியில்லாம இட்லியைச் சின்னதாக்கினேன். மாட்டுங்கால ஒரு மாமி, இருவத்தஞ்சு வருசமா வாங்குறவங்க, இட்லியை ரெண்டு விரல்ல தூக்கிப் பார்த்துட்டு, "என்னப்பா, சட்டைப் பட்டன் மாதிரி ஆயிடுத்தே?"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு டேக்சாவைத் தூக்கித் தலையில வைக்க முடியல.

மறுநா போகல. அதுக்கு மறுநாளும் போகல. மாவு என் வீட்டுக்காரி பதத்துக்கு எனக்கு வரவும் இல்ல. அவ மாவுக்குள்ள கையை விட்டாலே சொல்லிருவா, இன்னைக்குப் பொங்கும், இன்னைக்குப் பொங்காதுன்னு. டேக்சாவைக் கவுத்தி வச்சேன், ஆரனை ஆணியில மாட்டினேன். கல்யாண்ல இருக்கிற மகன் இங்க வந்துருங்கப்பாங்கான். அவனுக்கே ஒத்த ரூம்பு, அதுல அஞ்சு பேரு. ஒரு வேளை சாப்பிட்டா போதும்னு இருந்தேன். பொறவு அதுவும் எதுக்குன்னு தோணிச்சு. சாவணும்னு நெனைக்கல. எந்திரிக்கணும்னும் தோணல. அவ்வளவுதான் சொல்லத் தெரியுது.

எதிர்த்த வாசல்லருந்து லாத்தா பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. புத்தி கித்தி ஒண்ணும் சொல்லல. ஒருநா காலையில வந்து நின்னா.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. ஆஸ்பத்திரியில எனக்கு லைன்ல எடம் புடிச்சு நிக்கணும். எனக்கு முட்டு வலிக்கி."

எனக்குன்னா போயிருக்க மாட்டேன். அவ கேட்டு எப்படி இல்லங்க? போனேன்.

முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி. ஒரு வராந்தா முழுக்க லைன். பாதி ஆளுங்க நிக்காங்க, பாதிக்குச் செருப்பு நிக்கி. எங்க பக்கம் அதுதான் வழக்கம். காலையில குழாயடியில கொடம் நிக்கும், ஆஸ்பத்திரியில செருப்பு நிக்கும். செருப்பை விட்டுட்டுப் போனா அந்த எடத்தை யாரும் மிதிக்க மாட்டாங்க. பம்பாயில வேற எதுக்கு மதிப்பில்லாட்டியும் அதுக்கு உண்டு.

என் கையில அவ பேருல போட்ட கேஸ் பேப்பரை, ஆஸ்பத்திரிச் சீட்டை, குடுத்தா. "டீ குடிச்சிட்டு வாரேன்"னு போனா. போனவ போனவதான். லைன் நகருது, நகருது, கதவுகிட்ட வந்துட்டேன். பியூன் அவ பேரைச் சொல்லிக் கத்துதான். சுத்திமுத்திப் பாக்கேன், காணோம். எடம் போயிருமேன்னு நானே உள்ள நொழஞ்சுட்டேன்.

உள்ள ஒரு மராட்டிப் பொண்ணு, டாக்டரு. பேப்பரைப் பார்த்துச்சு, என்னையப் பார்த்துச்சு, சிரிச்சிருச்சு. "அந்தம்மா டீ குடிக்கப் போயிட்டாங்களா?"ன்னு இந்தியில கேட்டுச்சு.

"ஆமா மேடம்."

"நீங்க அஞ்சாவது ஆளு. அவங்க டர்ன் வந்தா வேற யாரையாவது அனுப்பி வச்சுருவாங்க. அவங்களை இந்த நாற்காலியில உக்கார வைக்க என்னால முடியல. சரி, நீங்க உக்காருங்க. கடைசியா எப்பம் சாப்பிட்டீங்க?"

நான் பதிலு சொல்லலாம்னு வாயைத் தெறந்தேன். சிலிண்டர் வெலையிலருந்து ஆரம்பிச்சேன். எங்கயோ போயி, மாவுக்குள்ள கை விட்டு என் வீட்டுக்காரி பதம் பாப்பாள்லா, அங்க வந்து நின்னுட்டேன். அதுக்கு மேல வரல. எழுவது வயசுக்கு மேல ஒரு சின்னப்பிள்ளை முன்னால உக்காந்து அழுதேன். அது தண்ணியை எம்பக்கம் நவுத்தி வச்சுது. எனக்குப் புதுப் பேப்பர் போட்டுச்சு. மாத்திரைக்குக் காசு கெடையாதுன்னுச்சு. வாராவாரம் வா, பக்கத்து ரூம்புல ஒன்னைய மாதிரி கெழவனுங்க உக்காந்து பேசுதாங்க, அவங்களோட உக்காருன்னுச்சு.

வெளிய வந்தா லாத்தா படியில உக்காந்திருக்கா.

"டீ குடிச்சியா?"

"ம்."

"பொய்யி. இது எதுக்கு லைன் லாத்தா?"

"தூக்கம் வராதவங்க லைன் அண்ணாச்சி. பிரஷர் மாத்திரைக்குன்னு நெனச்சு நின்னுட்டேன், பேப்பர் போட்டுட்டாங்க. நல்ல டாக்டரு. சந்துல யாருக்காவது ஆவும்லா?"

"ஒனக்குத் தூக்கம் வருதா?"

என் காலரைப் பார்த்தா. கத்திரியை எடுத்தா. அங்க நூலு ஒண்ணும் இல்ல.

எனக்கு ஒரு மூணு மாசத்துல சரியாச்சு. சரியாச்சுன்னா, எந்திரிச்சேன், மாவு அரைச்சேன், ஆரனை எடுத்தேன். அந்தக் கெழவனுங்கள்ல ஒருத்தன் காட்கோபர்ல இட்லிக் கடை வச்சிருந்தவன், உளுந்தைக் கொறைச்சாலும் பதம் வர்ற மாதிரி ஒரு வழி சொல்லிக் குடுத்தான். ஆனா அவளைப் பாக்கப் பாக்க எனக்குப் பொறுக்கல. சாயந்தரம் பேண்ட்டு மூட்டையோட உக்காந்தாள்னா, விடிஞ்சு நான் அடுப்பு பத்த வைக்கும்போதும் அப்படியே உக்காந்திருப்பா. மூஞ்சி கறுத்துப் போச்சு. ஒருநா கத்திரி கையில கிழிச்சதுகூடத் தெரியாம வெட்டிக்கிட்டு இருந்தா.

சித்திரை மாசம், தீயா வெயிலு. நான் ஆஸ்பத்திரிக்குப் போற நாளு, அவளும் வந்தா, எவளையோ ஒருத்தியை உள்ள அனுப்புறதுக்குத்தான். நான் அன்னைக்கு ஒரு டப்பாவுல இட்லி வச்சு எடுத்துட்டுப் போனேன். அவ தன் செருப்பை லைன்ல விட்டுட்டுப் பெஞ்சுல உக்காந்திருந்தா. முன்னால நாலு பேரு இருக்கையில, "தண்ணி குடிச்சிட்டு வாரேன்"னு எந்திரிச்சா. நான் குனிஞ்சு அவ செருப்பு ரெண்டையும் எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டேன்.

"அண்ணாச்சி, என்னது இது?"

"போ. வெறுங்காலோட போ. வெளிய சிமெண்டுத் தரை தோசைக்கல்லா கெடக்கு."

"ஆளுங்க பாக்காங்க. செருப்பைக் குடுங்க."

"பாக்கட்டும். நீ உள்ள போயிட்டு வா, தாரேன்."

பின்னால நின்ன ஒரு அம்மா, "பாபா, லேடீஸ் செருப்பைக் கையில வச்சுக்கிட்டு நிக்கீங்களே, வெக்கமா இல்ல?"ன்னு இந்தியில கேட்டாங்க. இருக்குன்னேன். ஆனா குடுக்கல.

லாத்தா குரலு எறங்கிப் போச்சு. "உள்ள போயி நான் என்னத்தச் சொல்ல அண்ணாச்சி?"

"எங்கிட்ட மழையில சொன்னேல்லா, அதைச் சொல்லு. அந்த லைனை ஒதுங்கி ஒதுங்கிப் போனதை."

"சொன்னா அவரு வந்துருவாரா?"

"என் வீட்டுக்காரி வரல. ஆனா எனக்குப் பசிச்சுது லாத்தா."

பியூன் அவ பேரைக் கத்தினான். வழக்கம்போலப் பின்னால திரும்பிப் பார்த்தா, யாரையாவது தள்ளி விடலாம்னு. அவளுக்கும் மத்த லைனுக்கும் நடுவுல நாந்தான் நின்னேன். கத்திரியை ஒருதரம் புடிச்சா, விட்டா. வெறுங்காலோட உள்ள போனா. கதவு சாத்திட்டு.

நேரம் போயிட்டே இருந்துது. லைன்ல எல்லாரும் மொனங்க ஆரம்பிச்சாங்க. பியூன் ரெண்டு தடவை கதவைத் தெறந்து எட்டிப் பார்த்துட்டு, சத்தமில்லாமச் சாத்தினான். என்ன சொன்னா, எம்புட்டு அழுதா, அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஆசைதான். ஆனா கேட்டதில்ல.

வந்தா. கண்ணு செவந்து கெடந்துது, கையில மாத்திரைச் சீட்டு. செருப்பைக் கீழ போட்டேன், மாட்டிக்கிட்டா. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் நடந்தோம். கேட்டுக்கு வெளிய ஒரு லைன் நிக்கி, இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும். இவ இப்பம் போயி நிப்பா, நாமளும் நிக்கணும்னு நான் மெதுவாக்கினேன். அவ அதைத் தாண்டி நடக்கா.

"லாத்தா, லைனு."

"பார்த்தேன்."

"எதுக்குன்னு கேக்கலியா?"

"நாளைக்குக் கேக்கலாம் அண்ணாச்சி. பசிக்கி."

மரத்தடியில ஒரு சிமெண்டுக் கட்டை. அதுல உக்காந்தோம். டப்பாவைத் தெறந்து, மூடியில நாலு இட்லியை எடுத்து அவ முன்னால வச்சேன். நோன்புங்கல. ஒரு இட்லியை எடுத்து, அந்த மாட்டுங்கா மாமி மாதிரியே ரெண்டு விரல்ல தூக்கி வெளிச்சத்துல பார்த்தா. வாயில போட்டா. இன்னொண்ணு போட்டா. சட்னியை வழிச்சு நக்கினா. நான் வச்ச நாலும் காலி.

"ரொம்பச் சின்னதாப் போச்சு அண்ணாச்சி ஒங்க இட்லி. இன்னும் ரெண்டு வைங்க."